பனிமலையில் இரண்டு சோடிச் சப்பாத்து

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய் தேத்தண்ணீர் வைக்கிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை வேறு மாதிரிப் பார்க்கப் போகிறீர்கள். இத்தாலியில், பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று சனம் கதைத்த காலத்தில் அந்த மாடிப்படியைக் கூட்டிக் கழுவியவள் நான்தான், எலியைத் தவிர ஒருவரையும் கண்டதில்லை. பூசைக்குப் போவேன், செபமாலை சொல்வேன், அதோடு சரி. ஆனால் அந்தப் புதன்கிழமை நடந்தது நடந்ததுதான். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, தை மாதம். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, கலியாணமாகவில்லை. மன்னாரிலிருந்து பலெர்மோவுக்கு வந்து நான்கு வருடம். லிபெர்த்தா பக்கம் ஒரு பெரிய வீட்டில் சமையலும் துப்புரவும் உடுப்பு அழுத்துவதும் என் வேலை. சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடுகிற அந்த வீட்டு அம்மா கெட்டவர் இல்லை, ஆனால் வாய் கொஞ்சம் கூட. ஒவ்வொரு குளிர்காலமும் குடும்பமாக வடக்கே பனிச்சறுக்கப் போவார்கள். அவர்களுடைய தடித்த காற்சட்டைகளையும் மேலங்கிகளையும் துவைத்து மடித்துப் பெட்டியில் வைப்பது நான். தொலைக்காட்சியில் கம்பங்களுக்கு நடுவே ஆட்கள் வளைந்து வளைந்து இறங்குவதை அயர்ன் பெட்டியைப் பிடித்தபடி எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வாய் தவறி, எனக்கும் ஒரு தரம் இப்படிச் செய்து பார்க்க ஆசை என்று சொல்லிவிட்டேன்.

சிஞ்ஞோரா சிரித்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலே நடுங்குகிற நீயா என்று கேட்டார். பிறகு, அதற்கு வடக்கே போகத் தேவையில்லை, சிசிலியிலேயே பியானோ பத்தாலியா என்று ஒரு இடம் இருக்கிறது, ஆனால் கார் இல்லாமல் போக முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் போய் இருந்துவிட்டது. கார் இல்லாமல் போக முடியாதா, பார்ப்போம் என்று நினைத்தேன்.

மூன்று கிழமை திட்டம் போட்டேன், அதுவே ஒரு சந்தோஷம். வேலை முடிந்து ஸ்டேஷன் பக்கம் போய் ஒவ்வொரு பஸ் கந்தோரிலும் விசாரித்து, நேரங்களைக் கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினேன். விடிய ஐந்தரைக்கு ஒரு நீலப் பஸ் மலையடியில் இருக்கிற சின்ன ஊர் ஒன்றுக்குப் போகிறது. அங்கிருந்து மேலே எப்படிப் போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கார்ட் போட்டுப் பேசுகிற தெரு டெலிபோனிலிருந்து அந்த ஊர்ப் புகையிலைக் கடைக்கு எடுத்துக் கேட்டேன். கடைக்காரி நல்ல மனுஷி. பனிக் காலத்தில் மேலே வேலை செய்கிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன வான் காலை எட்டேகாலுக்குப் போகும், பின்னேரம் மூன்றுக்குக் கீழே வரும், சாரதியிடம் கேட்டால் ஏற்றுவான் என்றார். நான்கு மணிக்கு நீலப் பஸ் திரும்பும், ஆறேகாலுக்குப் பலெர்மோ. சரியாகப் பொருந்தியது.

சிஞ்ஞோராவின் மகள் எறியச் சொன்ன பழைய காற்சட்டையும் மேலங்கியும் என்னிடம் இருந்தன. கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறையைப் போட்டால் நனையாது என்று கண்டுபிடித்தேன். சாப்பாடு வீட்டிலிருந்து. சறுக்குப் பலகையும் சப்பாத்தும் மேலே நாள் வாடகைக்குக் கிடைக்கும். பழக்கித் தருகிற ஆளுக்குக் கொடுக்க முடியாது, பார்த்துப் பழகலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு பொய் மட்டும் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பஸ் இல்லை, எனக்கு வார நாளில் முழு லீவு கிடையாது. பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருக்கிற அனுமதிப் பத்திரம், அதைப் புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோருக்கு, குவெஸ்தூராவுக்குப் போக வேண்டும், வரிசையில் நாள் முழுக்கப் போய்விடும் என்று சொன்னேன். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் சிஞ்ஞோரா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், ஏழு மணிக்கு நீ குசினியில் நிற்க வேண்டும், போன தடவை போல் பிந்தினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போகும். அப்படியொரு கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டுதான் நான் சறுக்கப் போனேன்.

என்னோடு அறையில் இருந்த செல்வி, நெடுந்தீவுப் பிள்ளை, என்னை விட ஏழு வயது இளமை. நான் கிளம்பும்போது போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"உண்மையா போறியளோ அக்கா? தனியவோ?"

"பின்னை? நீ வாறியோ?"

"எனக்கென்ன விசரோ. காலை முறிச்சுக்கொண்டு வந்தா நான் பாக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

"நீ படு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

இனித்தான் கவனமாகக் கேளுங்கள். ஸ்டேஷனில் பஸ் டிக்கெட் கொடுக்கிறவன் என்னைப் பார்த்து "ரெண்டோ?" என்று கேட்டான். ஒன்று என்றேன். அவன் ஒன்றைத் தந்தான். இதில் என்ன இருக்கிறது, தினமும் ஆயிரம் பேரைப் பார்க்கிறவன், நித்திரைக் கண்.

பஸ் பாதி வழியில் நிரம்பிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், சந்தைக்குப் போகிறவர்கள். எனக்குப் பக்கத்து இருக்கை மட்டும் காலி. அது எனக்குப் பழக்கம்தான். அந்தக் காலத்தில் எங்கள் நிறத்தைக் கண்டால் நின்றுகொண்டு வருகிற ஆட்கள் இருந்தார்கள், நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். ஒரு கிழவி கூடையோடு ஏறி என் பக்கம் வந்தாள். இருக்கையைப் பார்த்தாள், "மன்னிக்கோணும் சிஞ்ஞோரா" என்று சொல்லிக் கூடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். எனக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நான் தலையாட்டினேன். அவளுடைய பார்வை என்னில் இருக்கவில்லை என்பது அப்போது மனதில் படவே இல்லை.

சின்ன வான்காரன் வாட்டசாட்டமான மனிதன், மீசையில் பனி. மேலே வேலை செய்கிற மூன்று பேர் ஏற்கனவே உள்ளே இருந்தார்கள். நான் கேட்டதும் ஏறு என்றான். ஏறிய பிறகும் அவன் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான், யாரோ ஏறி முடியட்டும் என்று நிற்பது போல. பிறகு சாத்தினான்.

மேலே போய் இறங்கிய இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெள்ளையை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. சூரியன் ஏறிக்கொண்டிருந்தது, மரங்களுக்கு நிழல் நீலமாக இருந்தது. குளிரும் நான் பயந்த அளவுக்கு இல்லை.

வாடகைக்குக் கொடுக்கிற கொட்டிலில் ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான் இருக்கும், கன்னம் இரண்டும் தக்காளி. என் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதினாள், பெர்மெஸ்ஸோவின் போட்டோக் கொப்பியை வாங்கிக்கொண்டாள், டெலிபோன் நம்பர் கேட்டாள். எங்கள் அறையில் டெலிபோன் இல்லை, ஆகவே சிஞ்ஞோரா வீட்டு நம்பரைக் கொடுத்தேன். முப்பத்தைந்து அளவுச் சப்பாத்து எடுத்து மேசையில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு அளவில் இன்னொரு சோடி வைத்தாள்.

"எனக்கு ஒண்டு காணும்" என்றேன்.

"இது அவவுக்கு" என்று நாடியை நீட்டி என் தோளுக்குப் பின்னால் காட்டினாள்.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒரு குடும்பம் நின்றது, தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள். அந்தத் தாய்க்காக்கும் என்று நினைத்துக்கொண்டு என் சப்பாத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த இன்னொரு சோடி மேசையிலேயே இருந்ததா, யாரும் எடுத்தார்களா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு ஏது நேரம்?

அன்றைய காலையை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் அது ஒன்று. ஒரு பள்ளிக்கூட வகுப்பைப் பழக்கிக்கொண்டிருந்தான் ஒருவன். ஓரமாக நின்று பார்த்தேன். இரண்டு பலகைகளின் முன் நுனியையும் கிட்டக் கொண்டுவந்து குதியை அகட்டினால் வேகம் குறையும், அதற்குப் பெயர் ஸ்பாத்சானேவே, பனியைக் கூட்டுகிறது என்று அர்த்தம். கிழமையில் ஆறு நாள் வீடு கூட்டுகிறவள் லீவெடுத்து மலையேறி வந்தும் கூட்டத்தான் வேண்டியிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து தரமாவது விழுந்திருப்பேன். பன்னிரண்டு மணியளவில் மேட்டிலிருந்து பள்ளம் வரை விழாமல் வந்து தானாக நின்றேன். கைதட்ட ஒருவரும் இல்லை, மஞ்சள் கையுறையோடு நானே தட்டிக்கொண்டேன். பாணும் மீன் சம்பலும் சாப்பிட்டேன். அந்த ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது.

ஆசை யாரை விட்டது. இரண்டு மணிக்கு மேல், இன்னும் ஒரு தரம் என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகாத கொஞ்சம் உயரமான இடத்துக்குப் பலகையைத் தோளில் வைத்து நடந்து ஏறினேன். மேலே போய்ப் பலகையைக் கட்டி நிமிரும்போது கீழே இருந்த கொட்டில்கள் இல்லை. புகார், அந்த மலை மூடுபனி, வந்துவிட்டது. பால் ஊற்றியது போல என்று சொல்வார்களே, அப்படி. ஐந்து நிமிடத்தில் என் பலகையின் நுனி கூட எனக்குத் தெரியவில்லை.

அப்போதும் நான் பயப்படவில்லை, கீழே போனால் கீழேதானே என்று மெல்லக் கூட்டிக் கூட்டி இறங்கினேன். ஆனால் சரிவு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, திடீரென்று மரங்கள். காட்டுக்குள் வந்துவிட்டேன். பலகையைக் கழற்றிக் கையில் எடுத்தேன். கூப்பிட்டேன், என் குரல் பஞ்சுக்குள் போனது போல அடங்கிவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தால் இரண்டே முக்கால். வான், நீலப் பஸ், ஏழு மணி, குசினி, சிஞ்ஞோராவின் முகம், குவெஸ்தூராவில் நிற்க வேண்டியவள் மலையில் செத்துக் கிடந்தாள் என்று சனம் கதைக்கப் போகிற கதை, எல்லாம் ஒன்றாக மனதில் ஓடியது. மாதாவே என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் பனியில் கோடு கண்டேன். இரண்டு பலகைக் கோடு, பக்கம் பக்கமாக, புதிதாக, மரங்களுக்கு இடையால் போகிறது. என்னுடையது இல்லை. நான் கூட்டிக்கொண்டு வருகிறவள், என் தடம் அகட்டிக் கிறுக்கியது போல இருக்கும், இது பென்சிலால் இழுத்தது போல நேராக இருந்தது. யாரோ நன்றாகத் தெரிந்த ஆள் போயிருக்கிறார் என்று அதன் பின்னாலேயே நடந்தேன். முழங்கால் வரை புதைந்து புதைந்து, எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு இடத்தில் அந்தக் கோடுகள் நின்றிருந்தன, ஆள் நின்று திரும்பிப் பார்த்தால் எப்படி மிதிபட்டிருக்குமோ அப்படி மிதிபட்டு, பிறகு மறுபடி போயின. எனக்காகத்தான் நின்றது போல. உள்ளுக்குள் ஒரு அமைதி வந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். கொட்டிலின் பின்பக்கச் சுவர் என் மூக்கில் இடிக்கிற மாதிரி வந்து நின்றது.

மூன்று பத்து. ஓடிப்போய்ச் சப்பாத்தையும் பலகையையும் மேசையில் வைத்தேன். தக்காளிக் கன்னக்காரி என்னைப் பார்த்து, "மற்றச் சோடி?" என்றாள்.

"நான் ஒண்டுதான் எடுத்தனான். நான் தனியத்தான் வந்தனான்."

அவள் கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். என் பெயர். அதற்குக் கீழே முப்பத்தைந்து, முப்பத்தெட்டு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, அவவே கொண்டுவந்து தரட்டும், நீ ஓடு, வான் நிக்குது" என்றாள்.

வான் உண்மையாகவே நின்றது. அந்த மனிதன் மூன்று மணிக்கு ஒரு நிமிடம் பிந்தாதவன் என்று உள்ளே இருந்த வேலையாட்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏறி, நின்றதற்கு நன்றி சொன்னேன்.

"உன்ர கூட்டாளிக்குச் சொல்லு நன்றி" என்றான். "நான் எடுக்க வெளிக்கிட, வந்து கண்ணாடியிலை தட்டினவள். ஒரு விரலைக் காட்டி, மேலை மலையைக் காட்டினவள். இன்னும் ஒராள் வருது எண்டு விளங்கிச்சு."

"எந்தக் கூட்டாளி?"

"காலமை உன்னோடை வந்தவள். சாம்பல் தொப்பி போட்டவள்." பின்னால் திரும்பிப் பார்த்தான். "அவள் வரேல்லையோ?"

வாயில் வந்ததைச் சொன்னேன், அவள் இன்னும் கொஞ்சம் நிற்கப் போகிறாளாம் என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சாரதி தோளைக் குலுக்கிவிட்டு வானை எடுத்தான். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். புகார்தான் தெரிந்தது.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கக் குசினியில் நின்றேன். குவெஸ்தூராவில் வெயில் போல, முகமெல்லாம் எரிந்து போயிருக்கிறது என்று சிஞ்ஞோரா சொன்னார். நான் குனிந்து வெங்காயம் வெட்டினேன்.

செல்விக்கு எல்லாம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. எனக்கு அக்கா தங்கை யாரும் செத்ததுண்டா என்று கேட்டாள். எனக்கு அக்கா தங்கையே இல்லை, நாலு அண்ணன்மார், நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

"அப்ப ஆரக்கா அது?"

"வேறை ஆரோ சிலோன்காரி வந்திருப்பாள், அவங்களுக்கு எங்களெல்லாரையும் பாத்தா ஒரே மாதிரித்தானே" என்றேன். சொல்லும்போது எனக்கே அது சரியாகப் பட்டது. ஒரு கிழமை அப்படியே நம்பிக்கொண்டு நன்றாக நித்திரை கொண்டேன்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, முற்பகல். சிஞ்ஞோரா வெளியே போயிருந்தார். அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன், டெலிபோன் அடித்தது. எடுத்தால் மலையிலிருந்து அந்த வாடகைக் கொட்டில் பெண். சிஞ்ஞோரா எடுத்திருந்தால் என் பொய் அன்றைக்கே உடைந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் கதைத்தாள்.

"நீ யோசிச்சுக்கொண்டிருப்பாய் எண்டு எடுத்தனான். உன்ர கூட்டாளி இண்டைக்குக் காலமை சப்பாத்தைத் தந்திட்டாள்."

எங்கேயிருந்து வந்தாள் என்று கேட்டேன்.

"நீ போன அடுத்த நாள் பெரிய பனி, ரோட்டு பூட்டு. நாங்களே இண்டைக்குத்தான் மேலை வந்தனாங்கள். கதவைத் திறக்க அவள் வாசல்லை நிக்கிறாள். விடுதியிலை தங்கினவளாக்கும் எண்டு விடுதிக்காரரைக் கேட்டன், அங்கை ஒருதரும் தங்கேல்லையாம். சப்பாத்துக்குள்ளை கையை வைச்சுப் பாத்தனான். இப்பதான் கழட்டினது மாதிரிச் சூடாக் கிடந்தது."

"அவள் ஏதும் சொன்னவளோ?" என்று கேட்டேன்.

"அவளுக்கு இத்தாலியன் தெரியாது போல. உன்ர பேரிருக்கிற பக்கத்தைக் கொப்பியிலை விரலாலை தொட்டவள். பிறகு கதவடியிலை நிண்டு, சிரிச்சுக்கொண்டு, ஒரு சொல்லு ரெண்டு மூண்டு தரம் சொன்னவள். வாரன், வாரன் எண்டு. அது உங்கட பாஷையிலை நன்றியோ?"

ஓம், நன்றிதான் என்று சொல்லி டெலிபோனை வைத்தேன். மேசையில் சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பு கருகிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டை விட்டு வெளிக்கிடும்போது போறன் என்று சொல்லமாட்டார்கள், வாறன் என்றுதான் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியும். அவள் அதைத்தான் சொன்னாள், என்னிடம் விடைபெற்றுக்கொண்டு தன் வழியில் போய்விட்டாள் என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனால் ஒரு வீட்டுக்கு வருகிறவளும் அதே சொல்லைத்தான் சொல்லுவாள். செல்விக்கு மற்றதெல்லாம் சொன்னேன், அந்தச் சொல்லை மட்டும் இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொன்னதில்லை.